ஹாலில் பெரம்பலூர், அடுப்படியில் அரியலூர்

செங்காட்டூர் ஓடையை அளக்க சர்வேயர் வந்த அன்று வேணுகோபாலுக்குக் காலை இட்லி இறங்கவில்லை. நீர்நிலைகளில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றியே தீரவேண்டும் என்று ஐகோர்ட் உத்தரவு போட்டுவிட்டதாம், ஏரி, குளம், ஓடை ஒன்று விடாமல் அளந்துகொண்டே வருகிறார்களாம், பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகை போய்விட்டதாம் என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வந்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் ஓடைதான்.

“மாட்டுக்கொட்டகையையே வுடல. நம்ம வூட்ட வுடுவானா?” என்றார்.

“நம்ம வூடு பட்டா எடத்துல இருக்கு. எங்கப்பா எழுதிக் குடுத்தது. நீங்க இட்லியத் தின்னுங்க” என்றாள் அவர் மனைவி ஜெகதாம்பாள்.

அவளுக்கும் உள்ளே கலக்கம்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கலங்கிப்போனால் வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று தன் கலக்கத்தைத் தள்ளிவைத்திருந்தாள்.

ஜெகதாம்பாள் பிறந்தது ஓடைக்கு அந்தப் பக்கம், செங்காட்டூரில். அது அரியலூர் மாவட்டம். வாழ்க்கைப்பட்டது இந்தப் பக்கம், பூவாணிப்பட்டில். இது பெரம்பலூர் மாவட்டம். அவளுக்குக் கல்யாணமான தொண்ணூறாம் வருஷத்தில் இரண்டுமே திருச்சி மாவட்டமாகத்தான் இருந்தன. பிறகு பெரம்பலூர் தனியாகப் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, அடுத்த வருஷமே திரும்பிச் சேர்ந்தது, சில வருஷம் கழித்து மறுபடியும் பிரிந்தது. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு இத்தனை மாவட்டத்துக்குப் போய்வந்துவிட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடைதான் எல்லை என்பது மட்டும் மாறவில்லை என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஓடைக்கரை நிலம் அவளுக்கு வந்ததும் ஒரு சட்டத்தால்தான். மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது அவள் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அப்போது அது கிடையாது. அதனால் அக்காளுக்குக் கிடைக்காத பங்கு தங்கைக்குக் கிடைத்தது. வரன் தள்ளித் தள்ளிப் போனதில் ஒரு லாபம் என்று அவள் அம்மா சொல்லிச் சிரிப்பாள். அந்த இடத்தில்தான் பிற்பாடு வீட்டைக் கட்டினார்கள். முன்வாசல் பூவாணிப்பட்டைப் பார்த்தும், கொல்லைப்புறம் செங்காட்டூரைப் பார்த்தும் இருந்தது.

சர்வேயர் தமிழ்மாறன் சின்ன வயசுக்காரர். நீளமான கம்பியின் தலையில் தட்டை கவிழ்த்த மாதிரி ஒரு கருவி. அதை நட்டுவைத்து, கையிலிருக்கும் டேப்லெட்டைப் பார்த்து, மறுபடி பிடுங்கி வேறிடத்தில் நட்டு, ஓடைக்கரையோரமாகவே வந்தார். கூடவே செங்காட்டூரின் முன்னாள் தலைவர் இளையபெருமாளும் வந்தான். ஜெகதாம்பாளுக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. அளவு வேலை எங்கே நடந்தாலும் கூடவே போகிற பழக்கம் அவனுக்கு உண்டு.

கொல்லையில் கம்பியை நட்டுப் பார்த்த சர்வேயர், “ஓடையில ஒண்ணும் இல்லீங்க. உங்க வூடு சுத்தமான பட்டா எடம்” என்றார்.

வேணுகோபால் அப்போதே ஆறிய இட்லியைக் கேட்டார். தட்டில் கை வைக்கும்போது சர்வேயர் வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார். திரும்பி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்.

“ஆனா ஒரு விஷயம். ஊர் எல்லை ஓடை இல்லீங்க. ஓடை முழுக்க செங்காட்டூர் கணக்கு. எல்லைக்கோடு ஓடைக்கு இந்தப் பக்கம் தள்ளி வருது.”

“எங்க வருது?”

“உங்க ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல.”

வேணுகோபால் கையில் இட்லியோடு எழுந்து வந்து பார்த்தார். ஹாலும் முன்வராந்தாவும் பெரம்பலூர் மாவட்டம். அடுப்படி, பின்னால் இருக்கும் படுக்கையறை, குளியலறை எல்லாம் அரியலூர் மாவட்டம். முப்பது வருஷமாக அரியலூரில் ஆக்கி பெரம்பலூரில் சாப்பிட்டிருக்கிறோம் என்று அவர் ஆச்சரியப்பட்டார். “நீங்கதான் பெரம்பலூர்ல உக்காந்து சாப்புட்டீங்க. நான் அரியலூர்ல நின்னுகிட்டே சாப்புட்டேன்” என்றாள் ஜெகதாம்பாள். சர்வேயர் குனிந்து டேப்லெட்டைப் பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டார்.

அன்றைக்கு அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஜெகதாம்பாள் வீட்டைத் தாண்டிக் கீழே, இளையபெருமாளின் மக்காச்சோளக் கொல்லை ஓரத்தில், ஓடை இடுப்பு சிறுத்துப் போய் ஒரு வாய்க்கால் அளவுக்குக் கிடந்தது. சர்வேயர் கருவியைச் சோளத்துக்கு நடுவில் கொண்டுபோய் நட்டார்.

“சார், நீங்க நிக்கிறது என் கொல்லை” என்றான் இளையபெருமாள்.

“கொல்லை அதோ அந்த வேப்பமரத்தோட முடியுதுங்க. இந்தச் சோளம் நிக்கிறது ஓடை.”

“மிஷின்ல பேட்டரி எறங்கியிருக்கும். நல்லாப் பாருங்க.”

சர்வேயர் நல்லாப் பார்த்து, அதையே எழுதிக்கொண்டு போனார். எழுதியது தாலுகா ஆபீசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த ஓடை சிறுத்த கதை ஜெகதாம்பாளுக்கு ஏற்கெனவே தெரியும். ஐப்பசியில் மழை பிடித்தால் தண்ணீர் அங்கே முட்டி, திரும்பி, மேலேறி வரும். செங்காட்டூரில் அவளுடைய சிநேகிதி சின்னம்மாள் இருக்கும் தெருவில் முழங்கால் அளவு நிற்கும். ஜெகதாம்பாள் அடுப்படியிலும் வந்து அரிசிப்பானையைத் தூக்கும். ஒரு தரம் ஓடையைத் தாண்டிப் போய் இளையபெருமாளிடம் கேட்டும் பார்த்தாள். அப்போது அவன் தலைவர்.

“பொறந்த ஊருன்னு உரிமையா வர்ற, சந்தோசம்க்கா. ஆனா ஓட்டு அங்க, புகாரு இங்கயா? உங்க ஊரு தலைவருகிட்ட போய்ச் சொல்லு” என்றான்.

பூவாணிப்பட்டுத் தலைவரோ, அடைப்பு எங்கள் ஊரில் இல்லை, நாங்கள் எப்படித் தொடுவது என்றார். தண்ணீருக்கு மட்டும் எந்த ஊர் என்ற கேள்வி இல்லை. நேராக அடுப்படிக்கு வந்துவிடும்.

வீட்டுக்குள் கோடு விழுந்த செய்தி பரவியதும் இரண்டு ஊராட்சியிலிருந்தும் கிளார்க்குகள் வந்தார்கள். பூவாணிப்பட்டுக்காரர் இத்தனை வருஷமும் முழு வீட்டுக்கும் வரி வாங்கியிருந்தார். செங்காட்டூர்க்காரர் பின்பாதி எங்களுடையது என்றார். வேணுகோபால், படுக்கிற ரூமுக்குத் தனியாக வரி கட்டும் வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்று வாதம் செய்துகொண்டிருந்தபோது, ஜெகதாம்பாள் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து செங்காட்டூர்க்காரரிடம் கொடுத்தாள்.

“யார் பேருல போடறதுங்க?”

“எடம் யாரு பேருல இருக்கு?”

அவர் பார்த்தார். “ஜெகதாம்பாள்னு இருக்கு.”

“அது நான்தான்.”

பூவாணிப்பட்டில் இத்தனை வருஷமும் வீட்டுவரி ரசீது வேணுகோபால் பெயரில்தான் வந்துகொண்டிருந்தது. கட்டப் போனவர் அவர், பெயரைக் கேட்டார்கள், தன் பெயரைச் சொன்னார். யாரும் தப்பாக நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. இப்போது தன் பெயர் போட்ட ரசீதைக் கையில் வாங்கியபோதுதான் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. மடிக்க மனசில்லாமல் அப்படியே விரித்துப் பிடித்துக்கொண்டு அடுப்படியைப் பார்த்தாள். அடுப்படி கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தது. வேணுகோபாலுக்கு ஊராட்சித் தலைவராகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா என்று ஆயத்தமாகவே இருந்தார். தள்ளித் தள்ளிப் போன தேர்தல் ஒருவழியாக வரப்போகிற நேரத்தில், இந்த முறை பூவாணிப்பட்டு பெண்களுக்கு என்று ஒதுக்கி அறிவிப்பு வந்தது. தலைவர் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்பது சட்டம். அந்தப் பாதியில் தன் ஊரும் விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் தெளிந்துவிட்டார்.

ஜெகதாம்பாளுக்கு விஷயம் தெரிந்தது ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் மூலமாக. மாதிரிக்கு ஒன்று செய்து அவர் வேணுகோபால் போனுக்கு அனுப்பியிருந்தார். வேணுகோபால் பெருமையாக அதை அவளிடம் நீட்டினார். வானத்துக்கும் பூமிக்குமாக வேணுகோபால் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர் முழங்கைக்குக் கீழே, ஒரு வட்டத்துக்குள், ஜெகதாம்பாள். கோயில் திருவிழாவில் எடுத்த படம். கண்ணைச் சிமிட்டிய நேரத்தில் எடுத்தது.

“இதுல தேர்தல்ல நிக்கிறது யாருங்க?”

“நீதான்.”

“அப்பறம் ஏன் நீங்க நிக்கிறீங்க?”

“ஊருக்கு என்னையத்தான தெரியும். நீ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். மீதிய நான் பாத்துக்கறேன். எல்லா ஊருலயும் இப்படித்தான் நடக்குது.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழம்பைக் கிளறியபடி யோசித்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருஷம் ஒருவரோடு குடித்தனம் செய்தவளுக்கு இதற்கெல்லாம் கோபம் வந்தால் உடம்பு தாங்காது. ஆனால் அந்த வட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்த முகம் அவளை விடவில்லை.

அந்தச் சமயம்தான் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று வீடு வீடாக வந்தார்கள். எஸ்.ஐ.ஆர். என்று டீவியில் ஓயாமல் சொன்னார்கள். பேர் விட்டுப்போய்விடுமோ என்று ஊரில் பாதிப் பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். செங்காட்டூர் பக்கமிருந்து வந்தது இலக்கியா, அங்கே அங்கன்வாடியில் வேலை பார்க்கும் பெண். முன்வாசலுக்கு வராமல் கொல்லை வழியாக வந்தாள்.

“பெரியம்மா, உங்க வூடு ரெண்டு ஊருலயும் இருக்குதாமே. அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ரெண்டு ஊருலயும் ஓட்டுப் போடலாமா?”

“அய்யோ வேணாம். அது குத்தம். ஒருத்தருக்கு ஒரு எடத்துலதான் இருக்கணும்.”

“எடம் ரெண்டு ஊருலயும் என் பேருலதான் இருக்கு. வரியும் கட்டுறோம்.”

“சொத்து எங்க இருந்தாலும் அதுக்கு ஓட்டு கெடையாது பெரியம்மா. பத்து ஊருல நெலம் இருந்தாலும் ஒரு ஓட்டுதான். நீங்க வழக்கமா எங்க குடியிருக்கீங்க, அதான் கணக்கு.”

“குடியிருக்கறதுன்னா?”

இலக்கியா கொஞ்சம் யோசித்தாள். “எங்க படுத்துத் தூங்குவீங்க?”

ஜெகதாம்பாள் பின்னறையைக் காட்டினாள். வேணுகோபால் ஹாலில், டீவிக்கு எதிரே கட்டில் போட்டுத் தூங்குகிறவர். அவர் விடும் குறட்டையில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனதாகக்கூட அவள் மகள் கீதாஞ்சலி சொல்வாள். மகள் கல்யாணமாகி பாடாலூர் போன மறுவாரமே ஜெகதாம்பாள் அவளுடைய அறைக்கு மாறிவிட்டாள்.

“நான் தூங்குறது, ஆக்குறது, குளிக்கிறது எல்லாமே இங்கதான். அந்தப் பக்கம் கூட்டிப் பெருக்கத்தான் போவேன்.”

“அப்ப நீங்க செங்காட்டூருதான். இடம் மாத்த இந்தப் படிவத்துல எழுதிக் குடுங்க. விசாரிச்சுச் சேத்துருவாங்க. பெரியப்பாவக் கேக்கணுமா?”

ஜெகதாம்பாள் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள். டீவியில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். “என்னங்க, என் ஓட்ட செங்காட்டூருக்கு மாத்திக்கறேன்” என்று கதவோரம் நின்று சொன்னாள்.

“சரி சரி. ஒரு காப்பி கொண்டா” என்றார் வேணுகோபால்.

அவள் எழுதிக் கொடுத்துவிட்டுக் காப்பி போட்டாள்.

பட்டியல் வந்தபிறகு இன்னொரு தரமும் சொன்னாள். அப்போது அவர் போனில் தாரை தப்பட்டைக்கு முன்பணம் பேசிக்கொண்டிருந்தார். கையை மட்டும் ஆட்டினார். வேட்புமனு கொடுக்கப் போகிற அன்று வேனில் ஏறி உட்கார்ந்ததும் மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

“என் பேரு பூவாணிப்பட்டுப் பட்டியல்ல இல்லீங்க.”

“பேரு இல்லாம எங்க போகும்? வயசானா எல்லாத்துக்கும் பயம்” என்றார் அவர். முன்னால் தாரை தப்பட்டை முழங்க ஆரம்பித்துவிட்டது. அதற்குமேல் யார் சொன்னாலும் கேட்காது.

யூனியன் ஆபீசில் மனு வாங்கும் அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண். பட்டியலை மேலும் கீழுமாக இரண்டு தடவை பார்த்தார்.

“அம்மா பேரு பூவாணிப்பட்டுல இல்லையே. இந்த ஊராட்சியில நிக்கணும்னா இந்த ஊராட்சிப் பட்டியல்ல பேரு இருக்கணும்.”

“நல்லாப் பாருங்க மேடம். வேணுகோபால் மனைவி ஜெகதாம்பாள்.”

“வேணுகோபால் இருக்கார். மனைவி இல்ல.”

வேணுகோபால் திரும்பி மனைவியைப் பார்த்தார். மாலையும் கழுத்துமாக நின்ற ஜெகதாம்பாள், “மூணு தரம் சொன்னேன்” என்றாள்.

வெளியே தப்பட்டைக்காரர்களுக்கு விஷயம் தெரியாது. அவர்கள் வெற்றி அடியையே அடித்துக்கொண்டிருந்தார்கள்.

 திரும்பி வரும்போது வேனில் வேணுகோபால் ஜன்னல் வழியாக, எதிரில் வரிசையாக வரும் சிமெண்ட் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஒரு மனுஷன் வேட்டிக்கு நீலம் போட்டுப் போட்டு வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருக்காகத் தானே ஒரு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள அவளால் முடியாது. சோற்றைப் போட்டு ஹாலில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சின்னம்மாள் கொல்லைக் கதவைத் தட்டினாள். ஜெகதாம்பாளோடு ஒன்றாகப் படித்தவள். செங்காட்டூரில் தண்ணீர் ஏறும் அந்தத் தெருவில் இருக்கிறவள்.

“ஒன் பேரு எங்கூருப் பட்டியல்ல வந்துருக்காமே. எங்கூரும் பொம்பளைங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கு. இளையபெருமாளு அவன் பொண்டாட்டி சாந்தாவ நிறுத்துறான். சாந்தா நல்ல புள்ளதான். ஆனா அவ செயிச்சா அவன்தான் நாற்காலில உக்காருவான். நீ நில்லு.”

“எனக்கு என்ன தெரியும்?”

“ஓடையில தண்ணி முட்டுது, அதத் தொறந்துவுடணும்னு ஒனக்குத் தெரியும்ல. அது போதும்.”

 ஜெகதாம்பாளுக்கு ஊருக்குள் போய் ஓட்டுக் கேட்பதை நினைத்தாலே வெட்கமாக இருந்தது. ஆனால், ஓட்டு அங்க, புகாரு இங்கயா என்று இளையபெருமாள் சிரித்த சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தது. இப்போது ஓட்டும் இங்கே, புகாரும் இங்கே. மறுநாள் தப்பட்டை இல்லாமல், மாலை இல்லாமல், சின்னம்மாளை முன்மொழியச் சொல்லி, டவுன் பஸ்ஸில் அரியலூர்ப் பக்கத்து யூனியன் ஆபீசுக்குப் போய் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வேணுகோபாலிடம் இந்த முறை டீவியை அணைத்துவிட்டுச் சொன்னாள். அவர் கையிலிருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப நான் ஒனக்கு ஓட்டுக்கூட போட முடியாதா?” என்றார்.

“முடியாதுங்க.”

“ம்” என்று சொல்லிவிட்டு டீவியைப் போட்டார்.

மனுப் பரிசீலனை அன்று இளையபெருமாள் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஜெகதாம்பாள் பூவாணிப்பட்டுக்காரி, அவள் வீட்டு வாசல் பெரம்பலூர் மாவட்டத்தைப் பார்த்து இருக்கிறது, குடிதண்ணீர்க் குழாய் அந்த ஊர், புருஷன் அந்த ஊர் வாக்காளர், இவள் மனுவைத் தள்ளவேண்டும் என்றான். அறை முழுக்க ஆட்கள். ஜெகதாம்பாள் பின்சுவரோரம் சின்னம்மாளோடு நின்றாள். அவள் எதிர்பார்க்காத விதமாக வேணுகோபாலும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, இரண்டு பேனா. யார் பக்கம் என்று முகத்தில் தெரியவில்லை.

தேர்தல் அதிகாரி பொறுமையானவர். “பட்டியல்ல பேரு இருக்குங்க. பட்டியல் முடிவானதுக்கு அப்பறம் அது சரியா தப்பான்னு நான் இங்க விசாரிக்க முடியாது. எத்தனையோ தீர்ப்பு இருக்கு” என்றார்.

“சார், அந்தம்மா பொய் சொல்லிப் பேரு சேத்திருக்கு. படுக்கிற எடம் அந்த ரூம்னு எழுதிக் குடுத்திருக்கு. ஒரே வூட்டுல புருசன் ஹால்ல, பொண்டாட்டி ரூம்லயா? யாராவது நம்புவாங்களா? இதோ மாமாவே நிக்கிறாரு. அவரையே கேளுங்க” என்றான் இளையபெருமாள். அவனுக்கு ஒரு நம்பிக்கை. மாமா கோபத்தில் இருக்கிறார், மாமாவின் தப்பட்டைக் காசு வீணாய்ப் போயிருக்கிறது.

அதிகாரி கேட்க வேண்டியதில்லைதான். ஆனால் அறையில் எல்லோரும் வேணுகோபாலைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

 அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், மனு நின்றாலும், ஊரில் ஜெகதாம்பாள் வார்த்தை நிற்காது.

வேணுகோபால் இரண்டு எட்டு முன்னால் வந்தார். இளையபெருமாளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏண்டா, என் பொண்டாட்டி எங்க படுக்கிறான்னு ஆபீசுல வச்சுக் கேக்கறியா? சரி, கேட்டதுக்குச் சொல்றேன். எம் பொண்ணு கல்யாணமாகிப் போனதுலேருந்து அவ அந்த ரூம்லதான் படுக்கிறா. எங்குறட்டை அவளால தாங்க முடியல. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒங்க தெருவுக்கே கேக்கும்பாங்க, ஒனக்குக் கேட்டதில்லையா?”

“கேக்கும் கேக்கும்” என்றாள் சின்னம்மாள் பின்னாலிருந்து. அறை சிரித்தது. அதிகாரியும் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கழற்றி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மனு ஏற்கப்பட்டது என்று எழுதினார்.

வெளியே வந்ததும் ஜெகதாம்பாள், “தலைவர் ஆகணும்னு ஆசைப்பட்ட மனுசன் ஊருக்கு முன்னாடி இப்படிச் சொல்லிக்கிட்டீங்களே” என்றாள்.

“பொய் சொல்லச் சொல்றியா?” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “எனக்குக் கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காத” என்று சேர்த்துக்கொண்டார். ஆனால் டவுன் பஸ்ஸில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்தார்.

ஓட்டுக் கேட்கப் போனபோது வெட்கம் இரண்டு தெருவுக்குத்தான் இருந்தது. செங்காட்டூர்ப் பெண்தானே, எல்லோருக்கும் ஏதாவது ஒரு முறை. அத்தை, சித்தி, அண்ணி என்று கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவள் அதிகம் பேசவில்லை. ஓடையில் தண்ணீர் முட்டுகிறது, திறந்துவிடவேண்டும் என்றாள். பூட்டு சாவிச் சின்னம் என்றாள். போஸ்டரில் அவள் மட்டும் இருந்தாள், கண் திறந்த முகத்தோடு. அந்தப் படத்தை எடுத்து அனுப்பியது கீதாஞ்சலி. போஸ்டர் அடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தது வேணுகோபால். 

ஓட்டு எண்ணிக்கையில் ஆரம்பத்திலிருந்தே அவள் முன்னால் இருந்தாள். தண்ணீர் ஏறும் தெரு மொத்தமாக அவளுக்குப் போட்டிருந்தது. இளையபெருமாள் பாதியிலேயே போய்விட்டான். முடிவு சொன்னபிறகு சாந்தா மட்டும் தேடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லதாப் போச்சுண்ணி. செயிச்சிருந்தா நான் தெனம் ஆபீசுல போய் சும்மா நிக்கணும். எனக்குத் தையல் மெஷின் கெடக்கு.”

ஓடையைத் திறப்பது அவள் நினைத்ததுபோல ஒரு நாள் வேலையாக இல்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டாள். தாலுகா ஆபீசில் தூங்கிக்கொண்டிருந்த அளவைக் கேட்டாள். இன்று நாளை என்றார்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க் கூட்டத்துக்குச் சின்னம்மாளோடு போய் நின்றாள். அடுத்த திங்கட்கிழமையும் நின்றாள். நோட்டீஸ் போனதும் இளையபெருமாள் ஐகோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்டான். அவனை வைத்துக்கொண்டே மறுபடி அளந்து பாருங்கள், ஓடையாக இருந்தால் எடுங்கள் என்று உத்தரவு வந்தது. தமிழ்மாறன் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தார். வேப்பமரம் இருந்த இடத்திலேயே இருந்தது. சோளம் அறுவடை முடிகிறவரை பொறுக்கச் சொன்னாள் ஜெகதாம்பாள். விளைந்ததை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அறுத்து முடித்த மறுநாள் பொக்லைன் வந்தது. இளையபெருமாள் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, “அக்காளும் தம்பியும் பேசி முடிச்சுருக்க வேண்டிய விஷயம்” என்று எல்லோரிடமும் சொன்னான்.

“பேசத்தான் வந்தேன். ஓட்டு எங்கன்னு கேட்ட” என்றாள் அவள். அவன் குடையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான்.

அந்த ஐப்பசியில் மழை வழக்கத்தைவிட அதிகம். தண்ணீர் வந்தது, அகலமாகப் பரவி, கீழே இறங்கிப் போனது. சின்னம்மாள் தெருவில் பிள்ளைகள் நனைந்த மண்ணில் கிரிக்கெட் ஆடினார்கள்.

மழை விட்ட பிறகு பூவாணிப்பட்டு ஆட்களுக்கு ஒரு குறை வந்தது. ஓடை அகலமானதில், அவர்கள் குறுக்கே போட்டிருந்த பழைய குழாய்ப் பாலம் போய்விட்டது. ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் சுற்றிப் போகவேண்டியிருந்தது. பாலம் கட்ட வேண்டுமென்றால் ஓடை செங்காட்டூருடையது, செங்காட்டூர் ஊராட்சிதான் தீர்மானம் போடவேண்டும். யாரை அனுப்பலாம் என்று அங்கே கூடிப் பேசினார்கள். தலைவருக்குத் தெரிந்தவர், விவரமானவர், வெள்ளை வேட்டி கட்டுகிறவர் என்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேணுகோபால், ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவோடு, செங்காட்டூர் ஊராட்சி ஆபீஸ் படியேறினார். உள்ளே ஜெகதாம்பாள் யாருடனோ குடிதண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“வாங்க. உக்காருங்க. உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் முதியோர் பென்ஷனுக்கு வந்திருந்த ஒருவர், “நீங்க எந்த ஊருங்க?” என்று விசாரித்தார்.

“பூவாணிப்பட்டு” என்றார் வேணுகோபால். “பாலம் விஷயமா வந்திருக்கேன். தலைவர் எப்படி, சட்டுனு செஞ்சு குடுப்பாங்களா?”

“கேட்டா செய்வாங்க” என்றார் அவர். “ஆனா ஒரு தடவ சொல்றப்பவே காது குடுத்துக் கேட்டுக்கணும். திரும்பச் சொல்ல மாட்டாங்க.”

வேணுகோபால் தலையை ஆட்டிவிட்டு, மனுவில் எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று இன்னொரு தரம் படிக்க ஆரம்பித்தார்.